துரைசாமி சாரின் ஆழ்மனசு

போன வாரம் ஒரு காலை. பக்கத்து வீட்டுத் துரைசாமி சார் தன் ஆழ்மனசோடு பேசி முடித்துவிட்டு மொட்டை மாடியிலிருந்து இறங்கி வந்தார். இன்னும் பல்கூடத் தேய்த்திருக்கவில்லை.

பால் பாக்கெட் எடுக்க வாசலுக்கு வந்த நான் மாட்டிக்கொண்டேன்.

"மேடம், பதில் வந்துடுச்சு!"

"எங்கேருந்து சார்? கருவூலத்துலேருந்தா?"

"அட, அது இல்ல மேடம். உள்ளேருந்து" என்று நெஞ்சில் தட்டிக் காட்டினார். "நம்ம பொண்ணு மகேஸ் விஷயமா ஆழ்மனசுகிட்ட ஒரு கேள்வி போட்டு வெச்சிருந்தேன். இன்னிக்கு விடியக்காலம் தெளிவாச் சொல்லிடுச்சு. ஜெயங்கொண்டத்து மாப்ளைக்கே முடிச்சிடுன்னு."

எனக்கு ஒரே ஆச்சரியம். ஏனென்றால் துரைசாமி சாரின் வாய் இதையேதான் ஒரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தது. ஆழ்மனசு என்கிறார்களே, அது புதிதாக ஏதாவது சொல்ல வேண்டாமோ? மேலே இருக்கிற மனசு சொன்னதை அப்படியே திருப்பிச் சொல்வதற்கு எதற்கு ஒரு மனசு, அதுவும் ஆழத்தில்?

துரைசாமி என்பது அவர் நிஜப் பெயர் இல்லை. மற்ற பெயர்களையும் மாற்றியிருக்கிறேன். மாற்றாவிட்டாலும் மோசமில்லை. பத்திரிகையில் நான் எழுதுகிற இந்தப் பத்தியை அவர் படிப்பதை நிறுத்தி ஆறேழு வாரம் ஆகிறது. 'நெகட்டிவ்'வாக இருக்கிறதாம்.

பெரம்பலூரில் நானும் அவரும் ஒரே ஆபீஸ். அவர் ஹெட் கிளார்க். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். குடி கிடையாது, சீட்டு கிடையாது, கைநீட்டும் பழக்கம் கிடையாது. ஆனால் ஒரு கிளாஸுக்குப் போய்விட்டு வந்துவிட்டார். ஒரு மனிதன் கெடுவதற்கு அது போதாதா?

'ஆழ்மன ஆற்றல் — ஒரு நாள் பயிற்சி' என்று பஸ் ஸ்டாண்டு சுவரெல்லாம் மஞ்சள் நோட்டீஸ் ஒட்டியிருந்தார்களே, பார்த்திருப்பீர்கள். எங்கள் ஆபீஸிலிருந்து ஒரு கும்பலையே இழுத்துக்கொண்டு போனார் துரைசாமி சார். அந்தக் கும்பலில் நானும் ஒருத்தி. ஞாயிற்றுக்கிழமை. வீட்டில் கரண்ட் இல்லை. கல்யாண மண்டபத்தில் ஜெனரேட்டர் இருக்கும் என்ற நம்பிக்கையில் போனேன் — இதுதான் என் ஆழ்மனசின் அன்றைய லட்சணம்.

பயிற்சியாளர் கோட்டு சூட்டில் வந்தார். சித்திரை மாதத்துப் பெரம்பலூரில் கோட்டு! வியர்வை காதோரம் வழிய, "மனம் என்பது கடலில் மிதக்கும் பனிமலை" என்று ஆரம்பித்தார். "மேலே தெரிவது மேல்மனம். அது கொஞ்சம்தான். நீருக்கடியில் இருப்பது ஆழ்மனம். அதுதான் மலை!"

நாங்கள் ஐஸ் பார்ப்பதே மீன்காரர் பெட்டியில்தான். அதனால் மரியாதையாகத் தலையாட்டினோம்.

அவர் சொன்னதில் பாதி தப்பில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். மேல்மனசு யோசிக்கும், கணக்குப் பார்க்கும், வாதாடும். ஆழ்மனசு பழகினதைச் சத்தமில்லாமல் செய்யும். சைக்கிள் கற்றுக்கொள்ளும்போது மேல்மனசு. கற்றபிறகு பக்கத்தில் வருகிறவனோடு ஊர்வம்பு பேசிக்கொண்டே மிதிக்கிறோமே, அப்போது ஆழ்மனசு. சாம்பாருக்கு உப்புப் போடும் கை, பூட்டிய கதவை இழுத்துப் பார்க்கும் கை — இதெல்லாம் அதன் வேலை. சரி, ஒப்புக்கொள்கிறேன். யார் மறுத்தது?

அத்தோடு நிறுத்தினாரா மனிதர்? மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் விஷயம் எங்கேயோ போய்விட்டது. ஆழ்மனசு எல்லாம் அறிந்ததாம். பொய்யே சொல்லாதாம். ராத்திரி படுக்கும்போது கேள்வி போட்டால் காலையில் பதில் தருமாம். கேட்டதெல்லாம் கொடுக்குமாம். "கண்ணை மூடுங்கள்... மூச்சை இழுங்கள்... உங்களுக்கு என்ன வேண்டும் என்று அதற்குக் கட்டளையிடுங்கள்..."

மண்டபம் முழுக்கக் கண்ணை மூடியது. பாதிப் பேர் குறட்டை விட்டார்கள். பிரியாணி சாப்பிட்ட பிறகு கண்ணை மூடச் சொன்னால் வேறென்ன நடக்கும்? பயிற்சியாளர் அதையும் விடவில்லை. "பார்த்தீர்களா, எவ்வளவு ஆழமாகப் போய்விட்டார்கள்!" என்றார்.

துரைசாமி சார் தூங்கவில்லை. அதுதான் வினையாகப் போயிற்று.

அடுத்த நாளிலிருந்து ஆபீஸில் ஒரு ஃபைலும் நகரவில்லை. "அந்த பென்ஷன் ஃபைல் என்னாச்சு சார்?" என்று கேட்டால், "ஆழ்மனசுல போட்டு வெச்சிருக்கேன் மேடம். முடிவு வரும்" என்பார். பென்ஷனுக்காக நடையாய் நடக்கிற பெரியவர் பெஞ்சில் உட்கார்ந்து இவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். அவருக்குப் பாவம், ஃபைல் எந்த அலமாரியில் இருக்கிறது என்று தெரிந்தால் போதும்.

இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற சங்கதி. மகேஸ் விஷயம் அப்படி இல்லை.

மகேஸ்வரி அவருடைய ஒரே பெண். டிகிரி முடித்தவள். ஒரு வருஷமாக விடிந்ததும் விடியாததுமாக மைதானத்தில் ஓடினாள். எதற்கு? போலீஸ் வேலைக்கு. தெருவே கேலி செய்தது. "பொம்பளப்புள்ள தலைதெறிக்க ஓடுது பாரு" என்று டீக்கடையில் பேசினார்கள். அவள் காதில் வாங்கவில்லை. எழுத்துத் தேர்வில் தேறினாள், ஓட்டத்தில் தேறினாள், நீளம் தாண்டுவதில் தேறியும் கணுக்கால் பிசகிக் கட்டுப் போட்டுக்கொண்டு படுத்திருந்தாள்... அப்புறம் ஆர்டர் வந்தது. திங்கட்கிழமை வேலூரில் பயிற்சிக்குப் போய்ச் சேர வேண்டும். சேராவிட்டால் அந்த இடம் வேறு யாருக்கோ. அவ்வளவுதான், ஒரு வருஷ ஓட்டமும் வீண்.

அதே சமயத்தில் வந்து சேர்ந்தது ஜெயங்கொண்டத்துச் சம்பந்தம். மாப்பிள்ளை சிமெண்ட் ஆலைகளுக்குக் கல் அடிக்கிற லாரிகள் வைத்திருக்கிறார். நல்ல வசதி. அவர்கள் பக்கம் ஒரே ஒரு நிபந்தனை — பெண் வேலைக்குப் போகக் கூடாது. அதிலும் போலீஸ் வேலை? "ஊர்ல நாலு பேரு என்ன பேசுவாங்க?" என்றார்களாம். முடிவை அந்த வார வெள்ளிக்கிழமை சாயங்காலத்துக்குள் போனில் சொல்ல வேண்டும். அடுத்த முகூர்த்தத்தில் கல்யாணம்.

இந்த இடத்தில்தான் ஆழ்மனசு மொட்டை மாடியிலிருந்து இறங்கி வந்தது.

பால் பாக்கெட்டோடு நான் அவர் பின்னாலேயே போனேன். எனக்கு அழைப்பு இல்லைதான். இல்லாவிட்டால் என்ன? மகேஸ் கூடத்தில் ஷூவுக்கு நாடா கோத்துக்கொண்டிருந்தாள். அவள் அம்மா சரோஜா அடுப்படி வாசலில் நின்றாள்.

துரைசாமி சார் விஷயத்தை அறிவித்தார். மகேஸ் நிமிர்ந்து பார்த்து, குரலை உயர்த்தாமல், ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னாள்:

"அப்பா, நான் வேலைக்குப் போவணும்ப்பா. கல்யாணமே வேணாங்கல. இப்ப வேணாம். இந்த மாப்ள வேணாம்."

இதைவிடத் தெளிவாக ஒரு பெண் எப்படிச் சொல்வது? தண்டோரா போட வேண்டுமா?

துரைசாமி சார் சிரித்தார். பள்ளிக்கூடத்துப் பிள்ளையைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு.

"இப்பப் பேசுறது உன் மேல்மனசு கண்ணு. மேல்மனசு அலையும். அதுக்கு நல்லது கெட்டது தெரியாது. உன் ஆழ்மனசுக்கு இந்தக் கல்யாணந்தான் வேணும். அது உனக்கே தெரியல."

"எனக்கே தெரியாதது உங்களுக்கு எப்படிப்பா தெரியும்?"

"நான் உன்னைப் பெத்தவன்" என்றார்.

என்ன வசதி பாருங்கள்! பெண் வாய் திறந்து சொன்னால் அது மேல்மனசு, கணக்கில் வராது. சொல்லாமல் இருப்பது ஆழ்மனசு, அதை அப்பா படித்துச் சொல்வார். ஆழ்மனசுக்கு வாய் இல்லை, இதுதான் அதன் பெரிய சிறப்பு. வாய் இல்லாததற்கு யார் வேண்டுமானாலும் வக்கீலாக நிற்கலாம். எதிர்த்துப் பேசாத கட்சிக்காரன் கிடைத்தால் எந்த வக்கீல் விடுவான்?

அவருக்கு விருப்பம் என்றால் அது ஆழ்மனசு. மகளுக்கு விருப்பம் என்றால் அது அடம். இவ்வளவுதான் அந்த மஞ்சள் நோட்டீஸ் கிளாஸில் அவர் கற்றுக்கொண்டு வந்த வித்தியாசம்.

"நீ என்ன சொல்ற சரோஜா?" என்று நான்தான் கேட்டேன். அந்த வீட்டில் அப்படி ஒரு கேள்வி கேட்டு எத்தனை வருஷமாயிற்றோ, சரோஜாவே திரும்பிப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தாள்.

"நான் என்னத்தக்கா சொல்றது? அவரு யோசிக்காமயா செய்வாரு" என்றாள். கொஞ்ச நேரம் முந்தானையைத் திருகிக்கொண்டிருந்தாள். "எதுக்கும் நம்ம ஆத்தாகிட்டப் பூ கட்டிப் போட்டு ஒரு வார்த்த கேட்டுக்கலாங்க. கொலதெய்வத்தக் கேக்காம நம்ம வூட்ல ஒண்ணும் செஞ்சதில்லையே."

மகேஸ் அம்மாவைப் பார்த்த பார்வை இருக்கிறதே... ஷூவை அப்படியே வைத்துவிட்டு எழுந்து உள்ளே போய்விட்டாள். எனக்கும் சரோஜா மேல் எரிச்சல்தான். பெற்ற பெண் பற்றி எரிகிறாள், இவள் பூவைத் தேடுகிறாளே என்று.

துரைசாமி சார் பெருந்தன்மையாகக் கையை விரித்தார். "தாராளமாக் கேப்போம்! ஆத்தான்னா யாரு? ஆழ்மனசுதான். எல்லாம் ஒண்ணுதான். அங்கேயும் இதே பதில்தான் வரப்போகுது."

எங்கள் பக்கத்தில் பூக் கட்டிப் பார்ப்பது தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஒரே மாதிரி இரண்டு பொட்டலம். ஒன்றில் வெள்ளைப் பூ, மற்றதில் சிவப்பு. இதற்கு இது என்று முதலிலேயே பேசிக்கொள்வார்கள். சாமி காலடியில் வைத்துச் சூடம் காட்டிவிட்டு ஒன்றை எடுத்துப் பிரிப்பார்கள். அதுதான் உத்தரவு. நிலம் வாங்குவதிலிருந்து ஆபரேஷன் செய்வது வரைக்கும் இப்படித்தான் ஓடுகிறது. படித்தவர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். சிரித்துவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு வந்து வரிசையில் நிற்பார்கள்.

துரைசாமி சார் வீட்டு வழக்கத்தில் இன்னும் இரண்டு சேர்த்தி உண்டு. பூவை வீட்டுப் பெண்தான் தலைக்குக் குளித்து, வீட்டிலேயே கட்டிக்கொண்டு போக வேண்டும். எடுக்காத பொட்டலத்தை யாரும் பிரிக்கக் கூடாது, அப்படியே கிணற்றில் போட்டுவிட வேண்டும்.

வெள்ளை வந்தால் கல்யாணம். சிவப்பு வந்தால் வேலை. இதைத் தீர்மானித்தது துரைசாமி சார்.

"நீங்களும் வாங்கக்கா" என்றாள் சரோஜா. "எதுக்கு நான்?" என்றேன். "சும்மா... ஒரு தொணைக்கு."

வெள்ளிக்கிழமை ஆளுக்கு ஒரு நாள் லீவு போட்டுக் கிளம்பினோம். கோயில் ஆண்டிமடத்தைத் தாண்டி, முந்திரித் தோப்புகளுக்கு நடுவில். அரியலூர் போய் பஸ் மாற வேண்டும். மகேஸ் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தாள். பையில் ஆர்டர் இருந்தது. பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டே வந்தாள்.

என் பக்கத்தில் ஒரு பருமனான ஆசாமி. அரியலூரில் ஏறியதும் வாயைப் பிளந்துகொண்டு தூங்கினார். ரயில்வே கேட்டில் பஸ் நின்றது, எழுந்திருக்கவில்லை. குழந்தை வீறிட்டது, எழுந்திருக்கவில்லை. கண்டக்டர் யாரோடோ சில்லறைச் சண்டை போட்டார், அதற்கும் எழுந்திருக்கவில்லை. ஒரு புளியமரத்து ஸ்டாப் வந்ததும் படக்கென்று கண் விழித்து, வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு இறங்கிப் போனார்.

"பாத்தீங்களா மேடம்!" முன் சீட்டிலிருந்து துரைசாமி சார் குதூகலமாகத் திரும்பினார். "மேல்மனசு தூங்குது. ஆழ்மனசு முழிச்சிருந்து ஊரைக் காட்டிக் கொடுக்குது!"

இதை நான் முழு மனசோடு ஒப்புக்கொண்டேன். அந்த மனிதரின் ஆழ்மனசு வெகு கெட்டி. ஆனால் அது அவரை அவர் ஊரில்தான் இறக்கிவிட்டது. அடுத்த சீட்டுக்காரரை எழுப்பி, 'உன் பெண்ணை இன்னாருக்குக் கொடு' என்று சொல்லவில்லை. இதைச் சொன்னேன். அதன் பிறகு துரைசாமி சார் ஜெயங்கொண்டம் வரைக்கும் திரும்பவில்லை.

கோயிலில் பூசாரி காத்திருந்தார். வெற்றிலை போட்ட வாய், வெடுக்கென்று பேசுகிற ஆள். சரோஜா கூடையிலிருந்து இரண்டு பொட்டலத்தை எடுத்துக் கொடுத்தாள். வாழையிலையில் மடித்து, நாரால் கட்டியது. உள்ளே அரளி. இரண்டுமே அரளி என்பதால் கனத்திலும் தொட்டுப் பார்ப்பதிலும் வித்தியாசம் தெரியாது. பூசாரி எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இரண்டையும் இடம் மாற்றி மாற்றி வைத்து, ஆத்தா காலடியில் சேர்த்தார். சூடம் ஏற்றினார்.

"சின்னப் புள்ள எதாச்சும் கூட்டியாந்தீங்களா, எடுக்க?"

"வேணாம்" என்றார் துரைசாமி சார். "நானே எடுக்கிறேன்."

"நீங்க எடுக்கிறது மொறை இல்லீங்களே."

"என் கை தப்பாப் போவாது" என்று சொல்லி, சட்டையைக் கழற்றிவிட்டு, கண்ணை மூடி மூச்சை இழுத்தார். விட்டார். மறுபடி இழுத்தார். பூசாரி என்னைப் பார்த்துக் கண்ணாலேயே 'உடம்புக்கு ஏதும் முடியலையா?' என்று கேட்டார். நான் இல்லை என்று தலையாட்டினேன். அது உண்மையா என்று இப்போதும் தெரியவில்லை.

கை நீண்டது. ஒன்றை எடுத்தார். நாரை அவிழ்த்தார்.

சிவப்பு.

மகேஸிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகையா சிரிப்பா என்று சொல்ல முடியாத சத்தம். பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

துரைசாமி சாரின் முகம் சுண்டிவிட்டது. ஒரு நிமிஷம்தான். "இல்ல, இல்ல. மூச்சு சரியா நிக்கல. பஸ் அலைச்சல்ல மனசு ஒருநிலைப்படல. திருப்பிப் போடுங்க."

"ஆத்தா சொன்னதத் திருப்பிக் கேக்கிறதா?" என்றார் பூசாரி.

"கேட்டா என்னங்க தப்பு? சந்தேகம் தீரணுமில்ல."

கவனியுங்கள். எல்லாம் அறிந்த, பொய்யே சொல்லாத ஆழ்மனசு — இவர் நினைத்ததைச் சொல்லாத அந்த நிமிஷமே நம்பிக்கையில்லாததாகிவிட்டது! பதில் பிடித்திருந்தால் அது ஞானம். பிடிக்காவிட்டால் பஸ் அலைச்சல்.

சரோஜா குனிந்து சிதறிய அரளியைச் சேர்த்து மறுபடி இலையில் வைத்துக் கட்டினாள். பூசாரி முனகிக்கொண்டே முதுகைக் காட்டி இடம் மாற்றினார். இரண்டாவது சூடம். இந்த முறை மூச்சு இன்னும் நீளம். தரையில் உட்கார்ந்திருந்த மகேஸ் கண்ணை இறுக மூடிக்கொண்டு உதட்டை மட்டும் அசைத்தாள். ஒரு வருஷம் விடியலில் ஓடிய ஓட்டம், கட்டுப் போட்ட கணுக்கால், படித்த படிப்பு, எல்லாம் ஒரு அரளிப் பூவின் நிறத்தில் வந்து நிற்கிறதே!

எடுத்தார். அவிழ்த்தார்.

சிவப்பு.

துரைசாமி சார் அந்தப் பூவையே வெறித்துப் பார்த்தார். அப்புறம் விருட்டென்று குனிந்து மற்ற பொட்டலத்தை எடுத்தார்.

"பிரிக்கக் கூடாதுங்க!" சரோஜா கத்திவிட்டாள். அவள் கத்தி நான் கேட்டதே இல்லை.

"அதெல்லாம் எடுக்காத பொட்டணம், பிரிக்காதீங்க சாமி, தோஷம்!" என்று பூசாரியும் கையைப் பிடித்தார். யார் கேட்கிறார்கள்? நாரைப் பிய்த்தார். இலை விரிந்தது.

அதிலும் சிவப்பு.

பூசாரி இலையையும் பூவையும் மாறி மாறிப் பார்த்தார்.

"யாரு கட்டினது இத?" துரைசாமி சார் எங்கள் பக்கம் திரும்பினார்.

"நாந்தாங்க" என்றாள் சரோஜா.

"ரெண்டும் எப்படிடி சிவப்பாச்சு?"

சரோஜா இலையைக் குனிந்து பார்த்தாள். முதல் தடவையாகப் பார்ப்பதுபோலத்தான் பார்த்தாள். "தெரியலீங்களே... சோறு வடிக்கிற அவசரத்துல கட்டினேன். எங்கயோ நெனப்பு. கை பாட்டுக்குக் கட்டிடுச்சுபோல."

"கை பாட்டுக்கா? சாமி காரியத்துல வெளையாடுறியா?"

"கோவிக்காதீங்க. நீங்கதான அன்னிக்குச் சொன்னீங்க... மேல்மனசு வேற வேலயா இருக்கையில கை தானாச் செய்யிறது ஆழ்மனசு செய்யிறதுன்னு. ஆழ்மனசு பொய் சொல்லாதுன்னு. எனக்கு என்னங்க தெரியும்? நீங்க சொன்னதுதான்."

வெள்ளந்தியாகச் சொன்னாள். ஒரு புருவம்கூட அசையவில்லை.

துரைசாமி சார் இரண்டு இலையையும் புரட்டிப் பார்த்தார். கல்யாண மண்டபத்தில் கோட்டுக்காரர் சொல்லிக் கொடுத்ததில் இதற்கு மட்டும் மறுமொழி இல்லை. சரோஜா சொன்னது தப்பு என்றால் அவர் கற்றதெல்லாம் தப்பு. கற்றது சரி என்றால் சரோஜா கட்டியதும் சரி. எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. கோயில் என்பதால் இருமினேன்.

பூசாரிக்கு இந்த மேல்மனசு கீழ்மனசு எதுவும் புரியவில்லை. அவருக்குப் புரிந்தது ஒன்றுதான். படீரென்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். "ஆத்தாவே அந்த அம்மா கையில வந்து கட்டியிருக்கா! வெள்ளைக்கு எடமே குடுக்கல பாருங்க. ரெட்டை உத்தரவு சாமி. இத மீறினீங்கன்னா நான் பொறுப்பில்ல, சொல்லிப்புட்டேன்."

ஆத்தாவும் ஆழ்மனசும் ஒன்றுதான் என்று பேசியவர் ஆத்தாவின் முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை. சட்டையை மாட்டினார், பொத்தானை மாற்றிப் போட்டார், கழற்றித் திரும்பப் போட்டார். ஆண்டிமடத்தில் டெலிபோன் பூத் கண்ணாடிக்குள் நின்று ஜெயங்கொண்டத்துக்காரர்களோடு பேசியதை நாங்கள் வெளியிலிருந்து பார்த்தோம். "உத்தரவு வரலீங்க" என்று வாய் அசைந்தது தெரிந்தது. மகேஸ் அதைப் பார்த்துவிட்டு அம்மாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். சரோஜா அவள் முதுகைத் தட்டிக்கொண்டே, "சரி சரி, சனம் பாக்குது" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை மகேஸை பஸ் ஏற்றிவிடத் தெருவே வந்தது. டீக்கடையில் கேலி பேசியவர்களும் வந்தார்கள். துரைசாமி சார்தான் டிரங்குப் பெட்டியைத் தூக்கினார். பஸ் ஸ்டாண்டில் பார்த்தவர்களிடமெல்லாம், "என் ஆழ்மனசு அப்பவே சொல்லிச்சு சார், இவ போலீசாவான்னு" என்றார். நான் பக்கத்தில்தான் நின்றேன். என் காதுபடத்தான் சொன்னார். வெட்கமாவது ஒன்றாவது! நடந்ததற்குப் பிறகு நடந்ததையே சொல்வதுதான் ஆழ்மனசு என்றால், அது தப்பாகப் போக வழியே இல்லையே.

அடுத்த கிளாஸ் துறையூரிலாம். பெயர் கொடுத்துவிட்டார்.

திங்கட்கிழமை ஆபீஸ் விட்டு வந்ததும் சரோஜா வீட்டுக்குப் போனேன். அவள் தனியாக உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். மகளின் பழைய ஓட்டப் பனியன் கொடியில் காய்ந்தது. நானும் ஒரு கொத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

"ஏன் சரோஜா, எனக்கு மட்டும் சொல்லு. நெசமாவே கை பாட்டுக்குத்தான் கட்டிச்சா?"

அவள் கீரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"சாமி காரியத்துல பயமா இல்லியா உனக்கு?"

"பயம் எதுக்குக்கா? வெடியக் குளிச்சு, வெளக்கேத்தி, ஆத்தாகிட்ட இன்னது செய்யப் போறேன்னு சொல்லிட்டுத்தான உக்காந்தேன்."

"அப்ப ஆழ்மனசு?"

சரோஜா சிரித்தாள். அந்த வீட்டில் அவள் வாய்விட்டுச் சிரித்து அன்றுதான் பார்த்தேன். அப்புறம் சிரிப்பு நின்று, கண் கலங்கியது.

"ஆழ்மனசாவது மண்ணாங்கட்டியாவது! நல்லா முழிச்சுக்கிட்டுதான்க்கா கட்டினேன். கல்யாணம் ஆன நாளா எம் மனசு மேலதான் கெடக்கு. அத ஏறெடுத்துப் பாக்கத்தான் இந்த வூட்ல ஆளில்ல."